கல்லடி வீட்டின் நான்கு சுவர்கள்: பெயின்ற் போதுமா, பூச்சையே மாற்ற வேண்டுமா?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் கல்லடி இருப்பதால், அங்குள்ள சுவர்களுக்குக் கிழக்கிலும் உப்பு, மேற்கிலும் உப்பு. இங்கு ஆராயப்படும் வீடு கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 600 மீற்றர் உள்ளே, கிழக்குப் பார்த்த வாசலோடு, மாடியில்லாத ஓட்டு வீடாக நிற்கிறது. முன்பகுதி செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை பறந்த பிறகு, அதே சுவர்களின் மேல் புதிதாக மரம் ஏற்றி ஓடு போட்டு, சுவர்களுக்குச் சீமெந்துப் பூச்சும் பூசியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின்போது வீட்டுக்குள் இடுப்பளவுக்குக் கடல்நீர் வந்து நின்றது. அதற்குப் பின்னர் மேற்குப் பக்கமாகச் சேர்த்த குசினி, குளியலறை, ஓர் அறை ஆகிய மூன்றும் புளொக் கல்லால் ஆனவை. இந்த வரலாற்றை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் சுவர்களில் நாம் கண்ட குறைகளுள் பெரும்பாலானவை இவற்றுள் ஏதோ ஒன்றிலிருந்து தொடங்கியவை.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை; ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை ரீச்சர் என்றுதான் அழைப்பேன். அவர் என்னை வரச் சொன்னது பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், மாரி மழை விட்டு ஒரு கிழமை கழிந்திருந்தபோது. அதற்கு முன்னர் இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்திருந்தார்கள். முதலாமவர், சுரண்டிவிட்டுத் தண்ணீர் புகாத பெயின்ற் இரண்டு கோட் அடித்தால் போதும் என்றிருக்கிறார். இரண்டாமவர், நான்கு சுவரின் பூச்சையும் அடிவரை கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசாமல் எது செய்தாலும் வீண் என்றிருக்கிறார். இரண்டாவது மதிப்பீடு முதலாவதைப் போல நான்கு மடங்குக்கு மேல். “ஒருத்தர் மருந்து பூசச் சொல்றார், மற்றவர் காலையே எடுக்கச் சொல்றார். நான் ஆரை நம்புற, மனே?” என்று ரீச்சர் கேட்டார்.

இரண்டு ஆலோசனைகளிலும் எனக்கு ஒரே தவறு தெரிந்தது. இருவரும் வீடு முழுவதையும் ஒரே சுவராகக் கருதியிருந்தார்கள். ஆனால் நம் பகுதியில் வடக்கும் கிழக்கும் வாடைக்காற்றோடு வரும் மழையை வாங்குகின்றன. மேற்குச் சுவர் பின்னேர வெயிலையும் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றின் வெக்கையையும் வாங்குகிறது. தெற்குச் சுவர் இரண்டிலிருந்தும் ஓரளவு தப்பிவிடுகிறது. நான்கு சுவருக்கும் நான்கு வகை வாழ்க்கை இருக்கும்போது அவற்றுக்கு ஒரே தீர்ப்பு எழுதுவது எப்படிப் பொருந்தும்? ஒவ்வொரு சுவரையும் தனித்தனியே சோதித்துப் பார்த்துவிட்டே முடிவெடுப்பது என்று ரீச்சரும் நானும் அன்றே ஒத்துக்கொண்டோம்.

சுவரைக் கேட்டறிந்த முறை

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் பயன்படவில்லை. ஓர் ஐந்து ரூபாய் நாணயம், ஒரு பேனாக்கத்தி, ஒரு திருப்புளி, ஒட்டும் ரேப், தடித்த பொலித்தீன் தாள், உள்ளங்கை ஆகியவையே போதுமாக இருந்தன.

நாணயத்தின் விளிம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் இறுக்கமான, சிறிய ஓசை வரும்; கல்லைவிட்டுப் பிரிந்திருக்கும் இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோலப் பொக்கான ஓசை வரும். இந்த வேறுபாட்டைப் பத்து நிமிடத்தில் எவரும் பழகிக்கொள்ளலாம். நான் தட்டத் தட்ட, ரீச்சர் நீல வெண்கட்டியால் பொக்கு விழுந்த இடங்களைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே தட்டத் தொடங்கிவிட்டார். என் காதுக்குத் தப்பிய இரண்டு இடங்களை அவர்தான் பிடித்தார். மத்தியானத்துக்குள் கிழக்குச் சுவரின் அடிப்பகுதி முழுவதும் நீலத் தீவுகளால் நிறைந்திருந்தது. மேற்குச் சுவரில் ஒரேயொரு வட்டம்தான் இருந்தது.

பொலித்தீன் சோதனைக்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் சதுரத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாதபடி ரேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் மட்டும் ஈரம் இருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. அடுத்த நாள் வெள்ளெனவே போய்ப் பார்த்தோம். கிழக்குச் சுவரின் அடியில் ஒட்டிய தாளின் உட்புறம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. வடக்குச் சுவரில் தாளின் வெளியே பனி ஈரம், உள்ளே காய்வு. மேற்கிலும் தெற்கிலும் இரு புறமும் காய்ந்திருந்தன. குளியலறையின் வெளிச்சுவரில் தாள் ஒட்டவில்லை. உள்ளே ரைல் ஒட்டியிருக்கிறதே என்று நான் விட்டுவிட்டேன். அந்த விடுபாட்டுக்குப் பின்னர் விலை கொடுக்க வேண்டி வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிழக்குச் சுவரில் கண்டது

வாசலுக்கு இடப்புறம், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பெயின்ற் ஒரு தேசிக்காய் அளவுக்குக் கொப்புளித்து நின்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் “இனி ஒரு துளி தண்ணீரும் உள்ளே போகாது” என்ற உறுதியோடு பூசப்பட்ட, இறப்பர் போன்ற தடித்த பெயின்ற் அது. கத்தி நுனியால் கொப்புளத்தைக் கீறியதும் தோல் வளைந்து மடிந்தது. அதன் பின்னாலிருந்து காய்ந்த மணல் மெல்லிய நூலாக ஒழுகி விழுந்தது. தோலின் உட்புறத்தில் இலவம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை இழைகள் அடர்ந்திருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்; கரித்தது.

இது நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கல்லடியிலிருந்து கல்லாறு வரையும், அதற்கு அப்பால் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் கரையோரத்திலும் இதே கதைதான் சுவருக்குச் சுவர் நிகழ்கிறது. சுவரடியில் உள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும்போது, மண்ணில் உள்ள உப்பையும் கரைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் சுவரின் முகத்தில் ஆவியாகிவிடும். உப்பு அங்கேயே தங்கிப் பளிங்காக வளரும். வளரும் பளிங்கு தான் இருக்கும் துளையின் சுவர்களை நெருக்கி உடைக்கிறது. சாதாரண உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும், குறைந்தால் மறுபடி பளிங்காகும். நம் கரையோரத்தில் கச்சான் வீசும் மாதங்களில் பகலில் காற்று அந்த எல்லைக்குக் கீழேயும் இரவில் மேலேயும் போய் வருகிறது. ஆகவே மழையே இல்லாத ஆனி, ஆடியிலும் சுவருக்குள் உப்பு நாள்தோறும் கரைந்தும் உறைந்தும் பூச்சை அரைத்துக்கொண்டே இருக்கிறது. “மழை இல்லாத காலத்திலதான் கூடக் கொட்டுது” என்று ரீச்சர் வியந்து சொன்னது முழுக்க உண்மை.

பழைய வெள்ளையடிப்பு இருந்த காலத்தில் ஈரம் சுவரின் முகம் முழுவதும் தடையின்றி வெளியேறியிருக்கும். உப்பு வெளியே பூத்திருக்கும், விளக்குமாற்றால் தட்டிவிட்டிருப்பார்கள். தடித்த பெயின்ற் அந்த வழியை அடைத்ததால் உப்பு அதற்குப் பின்னாலேயே பளிங்காகத் தொடங்கியது. சுவரின் உயரத்தை அளந்து பார்த்தபோது, ஈரக் கறை முன்னர் ஒன்றரை அடியில் நின்ற அடையாளமும் இப்போது மூன்றடியில் நிற்கும் அடையாளமும் தெளிவாகத் தெரிந்தன. கீழே வெளியேற முடியாத தண்ணீர் மேலே ஏறி வழி தேடியிருக்கிறது. சுவரடியில் உப்புப் பூக்கிறது என்று இரண்டடி உயரத்துக்கு வெளிப்புற ரைல் ஒட்டும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது, ஏனெனில் மறைந்திருக்கும் காலம் முழுவதும் செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது? அத்திவாரத்தை ஒட்டிக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு செங்கல் வரிகளுக்கு நடுவில் தார் கலந்த ஈரத்தடுப்புப் படை நல்ல நிலையிலேயே இருந்தது. அதைப் போட்டவர் சரியான உயரத்தில்தான் போட்டிருக்கிறார், வளவுதான் உயர்ந்துவிட்டது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஒருமுறையும், 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பின்னர் மறுமுறையும் மண் நிரப்பி, அதன்மேல் சுவரோடு ஒட்டச் சீமெந்துத் திண்ணையும் போட்டிருந்தார்கள். அந்தத் திண்ணை ஈரத்தடுப்புப் படைக்கு மேலே நான்கு அங்குலத்தில் சுவரைத் தொட்டது. கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கப் போட்ட படையைத் தாண்டிப் போவதற்கு நாமே படி கட்டிக் கொடுத்திருந்தோம்.

இந்தச் சுவருக்கு வெறும் பெயின்ற் உதவாது என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுச் சுவரையும் கொத்த வேண்டியதும் இல்லை. திறப்புகள் போக ஏறத்தாழ 220 சதுர அடியுள்ள சுவரில், பொக்கு விழுந்தது ஏறத்தாழ 90 சதுர அடி. அதில் பெரும்பகுதி மூன்றடிக்குக் கீழே. பொக்கு சுவர் முழுவதும் சிதறிக் கிடந்து மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முழுவதையும் எடுத்துவிடுவதே சிக்கனம் என்பது என் அனுபவம். ஓரிடத்தில் திரண்டிருந்தால் அந்த இடத்தை மட்டும், உப்பு கடைசியாகத் தெரியும் கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்து எடுத்தால் போதும். ஆகவே நான்கடி உயரம்வரை கொத்துவது, மேலே யன்னலோரத்தில் இருந்த சிறு பொக்குகளைச் சதுரமாக வெட்டி எடுப்பது, மற்றதைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது என்று முடிவாயிற்று.

மற்ற மூன்று சுவர்கள்

மேற்குச் சுவர் பார்வைக்குத்தான் மிக மோசம். நிறம் வெளிறி, கை வைத்தால் உள்ளங்கை முழுவதும் வெண்பொடி ஒட்டியது. மயிரிழை வெடிப்புகள் வலைபோல் ஓடியிருந்தன. ஒப்பந்தக்காரர் இருவருமே அந்தச் சுவரைத்தான் முதலில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பூச்சு கல்லோடு இறுக ஒட்டியிருந்தது. வெயிலில் செத்துப்போனது பெயின்ற் மட்டும்தான். கழுவி, காயவிட்டு, வெளிச்சுவர் பிறைமர் ஒரு கோட்டும் பெயின்ற் இரண்டு கோட்டும் அடித்தால் போதும் என்று தீர்மானித்தோம்.

வடக்குச் சுவரில் கறுத்த பாசி நீளக் கோடுகளாக இறங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது: கூரைப் பீலியின் இரண்டு மூட்டுகள் கழன்று, ஓட்டிலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், அந்தப் பத்துப் பன்னிரண்டு கிழமைகளுக்குப் பீலி சரியாக இருந்தால் போதும். பெயின்ற் பல ஆண்டுகள் நிலைக்கும். இந்தச் சுவருக்கு முதல் மருந்து பீலி. பாசிக்கு, ஒரு பங்கு வெளுப்பு நீரை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். கையுறை போடவும், அமிலம் கலந்த வேறு கழுவுநீர் எதையும் அதோடு சேர்க்கக்கூடாது என்றும் மேசனிடம் இருமுறை சொன்னேன்.

தெற்குச் சுவரில் கேள்வியே மாறிப்போயிற்று. பின்னறை யன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கொங்கிறீற்று விட்டமான லின்ரலின் நீளத்துக்கு ஒரு வெடிப்பும் அதன் ஓரமாகச் செங்கபிலக் கறையும் இருந்தன. இரண்டு மதிப்பீடுகளிலும் இது வெறும் வெடிப்பாகவே குறிக்கப்பட்டிருந்தது. ஒருவர் ஃபில்லர் வைத்து அடைக்கவும் மற்றவர் மேலே பூசவும் சொல்லியிருந்தார்கள். உளியால் சிறிது தட்டியதும் கொங்கிறீற்று ஓடுபோலக் கழன்று, கம்பி தெரிந்தது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருத்துக்கொண்டு தன்னைச் சுற்றியுள்ள கொங்கிறீற்றை உள்ளிருந்தே பிளக்கும். துருவைச் சுரண்டி அளந்தபோது 10 மில்லிமீற்றர் கம்பியில் 9 மில்லிமீற்றர் மீதமிருந்தது. விட்டத்தில் ஒரு மில்லிமீற்றர் போனது சிறிதாகத் தோன்றலாம், ஆனால் கம்பியின் வெட்டுப் பரப்பில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கழன்ற துண்டில் நத்தை ஓட்டுத் துணுக்குகள் மின்னின. ஆழிப்பேரலைக்குப் பிந்திய அவசரத்தில் கடற்கரை மணலை அள்ளி வார்த்திருக்கிறார்கள். அந்த மாதங்களில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள். ஆயினும், உப்பு கலந்த கொங்கிறீற்றில் ஒரு துண்டை மட்டும் எடுத்துப் புதியது வைத்தால், ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பில் துரு புதிதாகத் தொடங்கிவிடும் என்பதால், லின்ரலை முழுவதும் எடுத்துவிட்டு, கழுவிய ஆற்று மணலில், கம்பிக்கு வெளியே 40 மில்லிமீற்றர் கனம் இருக்கும்படி மறுபடி வார்ப்பதைத் தவிர வழியில்லை. பெயின்றா பூச்சா என்ற கேள்விக்கு இங்கே இரண்டுமே விடையாக இருக்கவில்லை.

முகட்டுப் பலகை

கிழக்கு முகப்பில், முகட்டுக்குக் கீழே உள்ள முக்கோணம் முதிரைப் பலகையால் அடைக்கப்பட்டிருந்தது. பதினாறு பலகைகள், மேலே பல அடுக்கு எனாமல் பெயின்ற், அது செதில் செதிலாக உரிந்திருந்தது. இதன்மேல் பிளாஸ்ரிக் பலகை அடித்து மூடிவிட்டால் இனிப் பெயின்றே வேண்டாம் என்று ரீச்சருக்கு ஒருவர் சொல்லியிருந்தார். மூடுவது எளிது, ஆனால் உள்ளே உக்கிய பலகையோ கறையானோ இருந்தால் அது கூரை மரத்தை எட்டும்வரை எவருக்கும் தெரியாது.

ஏணியில் ஏறி ஒவ்வொரு பலகையின் அடிமுனையையும் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பதினொன்றில் நுனி இறங்கவேயில்லை. பெயின்ற் உரிந்த இடத்தில்கூட மரம் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தது. ஐந்து பலகையில், அதுவும் அடியிலிருந்து ஒரு சாண் நீளத்தில் மட்டும், நுனி பாணில் இறங்குவதுபோல இறங்கியது. அந்த ஐந்தின் கீழேதான் முகப்புப் பட்டை சுவரோடு ஒட்டி, தண்ணீர் வடிய இடமில்லாமல் நின்றது. ஐந்தை மட்டும் மாற்றி, புதிய பலகைகளை ஏற்றுவதற்கு முன்னரே முனைகள் உட்பட எல்லாப் பக்கமும் பிறைமர் பூசி, எளிதில் துருப்பிடிக்காத கல்வனைஸ் ஆணியால் அடித்து, பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி விடுவது என்று முடிவெடுத்தோம். பெயின்றில் ஈயத்துக்கு இலங்கையில் எல்லை விதித்த ஒழுங்குவிதி 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமலைக் காய்ந்தபடி உரஞ்சுவது ஆபத்து. தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டி, செதில்களைக் கீழே விரித்த தாளில் சேர்த்தெடுத்தார்கள். வேலை முடியும்வரை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை முற்றத்துக்கு விடவில்லை.

வைகாசிச் சடங்கும் காயாத சுவரும்

எல்லாவற்றிலும் கடினமானது, எப்போது செய்வது என்பதுதான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வெளியூரிலிருந்து உறவினர் எல்லோரும் வருவார்கள். அதற்குள் வீடு புதுக்கோலமாக நிற்க வேண்டும் என்பது ரீச்சரின் ஆசை. மேசனும் முடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். நான் அவரிடம், “அண்ணன், பூச்சை எடுத்த பிறகு இந்தச் சுவர் காய்வதற்கு எவ்வளவு நாள் விடுவீங்க?” என்று கேட்டேன். “ஒரு கிழமை” என்றார்.

ஈரம் குடித்த சுவர் ஓர் அங்குலக் கனம் காய்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும் என்பது கட்டடத் தொழிலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரு பக்கமும் காய்ந்தாலும் நான்கு மாதத்துக்கு மேல் வேண்டும். அதை ஒரு கிழமையில் மூடிவிட்டால், அடுத்த கச்சானுக்குள் புதிய பூச்சும் பழையதைப் போலவே கொட்டத் தொடங்கிவிடும். ஆகவே சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் பூச்சை எடுத்து, கச்சான் முழுவதும் செங்கல்லை வெறுமையாக விட்டு, ஆவணியில் பூசி, மழைக்கு முன்னர் பெயின்ற் அடிப்பதே என் பரிந்துரையாக இருந்தது. அதன் பொருள், சடங்குக்கு வரும் சனம் முழுவதும் வாசலருகே நான்கடி உயரத்துக்குத் தோலுரிந்த சுவரைப் பார்க்கும் என்பதே.

ரீச்சர் அன்று பதில் சொல்லவில்லை. அவருடைய வருத்தம் எனக்குப் புரிந்தது. வீட்டின் முகப்பு நம்மவர்க்கு வெறும் சுவரன்று. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். “ஒள்ளுப்பம் பொறுத்தாத்தான் சுவர் நிக்குமெண்டா, பொறுப்பம் மனே. கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லிக்கொள்றன்” என்றார்.

வேலை நடந்த ஒழுங்கு

மார்ச்சில் பீலியைச் சரிசெய்தோம். கிழக்குச் சுவரோடு ஒட்டியிருந்த திண்ணையை ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுத்து, மண்ணை ஈரத்தடுப்புப் படைக்கு ஆறங்குலம் கீழேவரை தாழ்த்தி, அந்த இடத்தைக் கருங்கல் சல்லியால் நிரப்பினோம். ஏப்ரல் முதற் கிழமையில் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். உப்பேறிய அந்தச் சாந்துத் துண்டுகளைச் சுவரடியிலேயே கொட்டி நிரப்பும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் எடுத்த உப்பைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும் என்பதால் அனைத்தையும் வளவுக்கு வெளியே ஏற்றினோம். மே முதல் ஓகஸ்ற் வரை, கிழமைக்கு ஒருமுறை செங்கல்லின் மேல் பூக்கும் உப்பைக் காய்ந்த தூரிகையால் ரீச்சரே தட்டி வாரியெடுத்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கழுவினால் உப்பு கரைந்து உள்ளே திரும்பிவிடும். முதல் மாதம் ஒரு சிரட்டை நிறைய வந்த உப்பு, ஓகஸ்ற் கடைசியில் விரல் நுனியளவாகக் குறைந்தது. பொலித்தீன் தாளை மறுபடி ஒட்டியபோது உட்புறம் காய்ந்திருந்தது.

பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்று மணல் என்று சேர்த்தோம். பழைய செங்கல்லைவிடக் கடினமான பூச்சு அதன்மேல் நிற்காது. சுண்ணாம்பு பூச்சை மென்மையாக்குவதோடு ஈரம் வெளியேறவும் விடும். ஈரத்தடுப்புப் படைக்கு மேலேயே பூச்சை நிறுத்தி, தரையைத் தொடவிடவில்லை. கொத்தி எடுத்த இடம் முழுவதற்கும் ஒன்றரைப் பை சீமெந்துதான் செலவாயிற்று. ஒரு கிழமைக்கு மேல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, பின்னர் நான்கு கிழமை காயவிட்டோம். ஒக்ரோபர் தொடக்கத்தில் மேற்பகுதிக்கும் மற்ற மூன்று சுவர்களுக்கும் சாதாரண வெளிச்சுவர் எமல்ஷன் அடிக்கப்பட்டது; ஆறு கலன் போயிற்று. கிழக்குச் சுவரின் அடி நான்கடிக்கு மட்டும் எமல்ஷன் அடிக்கவில்லை. சுண்ணாம்பில் காவி கலந்து மூன்று முறை பூசினோம். பழைய வீடுகளின் அடிச்சுவரில் காவிப் பட்டை இருப்பதைப் பார்த்து வளர்ந்த ரீச்சருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மொத்தச் செலவு பெயின்ற் மட்டும் என்ற முதல் மதிப்பீட்டின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக முடிந்தது. அதில் பெரும்பங்கு லின்ரலுக்கும் பீலிக்கும் போனது. அவை இரண்டும் எந்த மதிப்பீட்டிலும் இருக்கவில்லை.

இரண்டு மாரிக்குப் பிறகு

வேலை முடிந்தபின் இரண்டு மாரி கடந்துவிட்டன. வடக்குச் சுவரில் பாசி திரும்பவில்லை. தெற்கு லின்ரலில் கறை இல்லை. கிழக்கே காவிப் பட்டையின் அடியில், முதல் ஆண்டு ஒரு கையகல இடத்தில் மெல்லிய வெண்பூ தெரிந்தது. தூரிகையால் தட்டிவிட்டு மறுபடி காவி பூசினார்கள், கீழே பூச்சு இறுக்கமாகவே இருந்தது.

தவறியது வடமேற்கு மூலையில், நான் தாள் ஒட்டாமல் விட்ட குளியலறையின் வெளிச்சுவர். முதல் மாரிக்குள்ளேயே புதிய பெயின்ற் அங்கே குமிழி விட்டது. மழை நின்ற பின்னரும் ஈரம் குறையாததால் உள்ளே ரைலை உடைத்துப் பார்த்தோம். சுவருக்குள் போன தண்ணீர்க் குழாயின் முழங்கை மூட்டு துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. குழாயை மாற்றி, நான்கு புளொக் கல் அகலத்துக்கு வெளிப்பூச்சையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். ஈரத்தின் விளிம்பில் ரீச்சர் நீல வெண்கட்டியால் கோடு போட்டு, பக்கத்தில் திகதியும் எழுதி வைத்திருக்கிறார். சென்ற மாதம் நான் போனபோது ஈரம் அந்தக் கோட்டைவிட்டு ஒரு சாண் உள்ளே ஒடுங்கியிருந்தது. பூசுவதை ஆவணிக்கு வைத்திருக்கிறோம்.